சுறாக் கிழவன்

இன்று கிரான்பர்ன் மீன்கடையில் சுறாத்துண்டு ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன், மச்சான். அமோனியா நாற்றம் மூக்கில் ஏறியது. சுறா வறைக்கு ஆசைப்பட்டுப் போனவன், அதை அப்படியே வைத்துவிட்டுக் காரில் வந்து இருந்தேன். இப்போதெல்லாம் உன் நினைவு வந்தால் பயமும் கூடவே வருகிறது.

உன் வெல்டிங் பட்டறையில் இருந்த ஐஸ்லாந்துக்காரன்தான் உனக்கு அந்தச் சொல்லைத் தந்தவன். ஹௌகார்ட்ல். "முதல் பாதி சுறாவின்ர பழைய பேராம். மற்றப் பாதி ஆம்பிளை, கிழவன் எண்டு அர்த்தமாம். சுறாக் கிழவன்!" என்று எனக்கு விளக்கினாய். அவர்களுடைய சுறாவைப் பச்சையாகத் தின்றால் நஞ்சாம். புதைத்து வைத்து, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டால்தான் சாப்பிடலாமாம். அந்தச் சாப்பாட்டுக்கும் அதே பெயர்தானாம்.

உன் அப்பா மயிலிட்டியில் கடலுக்குப் போன மனிதர். வள்ளத்தில் ஏறிவிட்டால் சுறா என்று ஒருவரையும் சொல்லவிடமாட்டார். 'பெரியவர்' என்பார், அதுவும் மெதுவாக; பெயரைச் சொன்னால் அதைக் கூப்பிட்டதாகிவிடுமாம். "உலகத்தின்ர மற்றக் கரையிலயும் அதை ஒரு ஆளாத்தான் பாத்திருக்கிறாங்கள், கண்டியே?" என்றாய்.

அப்படிச் சொன்ன நீதான் வெஸ்டர்ன் போர்ட் குடாவில், மீன் ஒன்றும் படாத எரிச்சலில், உன் சின்னப் போட்டில் எழுந்து நின்று "ஹௌகார்ட்ல்!" என்று கத்தினாய்.

"வாயை மூடடா" என்றேன்.

"அப்பா தடுத்தது தமிழ்ப் பேரைத்தானே. இது இஞ்ச ஆருக்கு விளங்கப்போகுது?"

நீ சிரித்தாய். போட்டைச் சுற்றியிருந்த கடற்பறவைகள் ஒன்றுவிடாமல் எழும்பிப் போயின.

அடுத்த முறை நீ தனியாகப் போனாய். போட் மட்டும் கிடைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம், தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்ததாம். அலை தள்ளியிருக்கும் என்றது பொலிஸ். நானும் எல்லோருக்கும் அதையே சொல்லி வருகிறேன்.

நேற்று உன் மனைவி கேட்டாள்: "அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொல்லிச் சொந்தக்காரர் நிக்கினம், அண்ணை. உடம்பைக் காணாமல் நான் எப்பிடிச் செய்யிறது? நீங்கள் சொல்லுங்கோ, அவர் வருவாரோ?"

புதைக்கவோ எரிக்கவோ ஏதாவது கிடைத்திருந்தால் இந்தத் துக்கமும் நாள்பட ஆறியிருக்கும். இது பச்சையாகவே கிடக்கிறது.

ஞாயிறு காலை அவளைக் கூட்டிக்கொண்டு போட்டில் போய், அந்தத் தண்ணீரில் பூப் போடப்போகிறோம். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழவேண்டும் என்கிறாள். அவள் அழட்டும். நான் வாய் திறக்கமாட்டேன், மச்சான். அங்கே எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எது திரும்பிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது.