பதின்மூன்று பேருக்கு எண்ணெய் தேய்க்கிறவர்

புக்கிட் தூங்கல் தோட்டம், செலண்டார்
16 செப்டம்பர் 1928

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சம்சாரம் பெத்தம்மாள் எழுதுவது.

தோட்டத்து மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கவும் அவளைத்தான் கேட்டுக்கொள்கிறேன். உங்களைக் கேட்டு என்ன பயன்?

ஆடி மாதம் வந்த உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பந்தாட்டம். ஹன்ஸ்லெட்டுக்காரர்களை எத்தனை புள்ளியில் அடித்தீர்கள், விகன்காரன் எப்படி ஓடினான், டேவிஸ் என்கிறவன் தோள் எப்படி நழுவியது, நீங்கள் சூடு எண்ணெய் போட்டு எப்படி ஏற்றினீர்கள். கடைசி அரைப் பக்கத்தில், "உன் முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று ஒரு வரி. முழங்கால் இருக்கிறது. பதின்மூன்று வெள்ளைக்காரன் காலுக்கு எண்ணெய் தேய்க்கிற கை அங்கே இருக்கிறது. என் கால் இங்கே இருக்கிறது.

பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, "சமையலுக்கு ரெண்டு வருஷம் கூட வா" என்று உங்களைக் கூப்பிட்டார். இரண்டே வருடம் என்று என் தலைமேல் கை வைத்துச் சொன்னீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நான் தலைக்குக் குளித்திருந்தேன். இப்போது ஒன்பது வருடம். துரையும் செத்தார், அவர் வீட்டையும் விற்றார்கள். நீங்கள் அந்த ஊர்ப் பந்துக்காரர்களுக்குச் சட்டை துவைக்கப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டீர்கள். நம் வீரப்பன் காய்ச்சலில் போனபோது தந்தி அடித்தோம். பதில் தந்தி வந்தது, அப்பன் வரவில்லை. அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

சரி, இப்போது நல்ல செய்தி. வீரப்பன் மகள் பாக்கியலட்சுமிக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. லூபோக் சீனாவில் லோரி ஓட்டுகிறான், முனியாண்டி என்று பெயர். குடிக்கிறதில்லை என்கிறார்கள், பார்ப்போம். போன ஞாயிறு அவன் அம்மா கருப்பாயி வந்தாள். காப்பியைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"பொண்ணுக்கு அப்பன் இல்ல. தாரை வார்க்க யாரு உட்காருவா?"

"பொண்ணோட தாத்தா."

"தாத்தாவா? அவரு இருக்காராலா? ஒருத்தரும் கண்ணால பார்க்கல. நீதான் தெனம் காசு அகலத்துக்குப் பொட்டு வச்சிக்கிட்டுத் திரியுற."

ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற பெண்கள் நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள். நம் மருமகள் வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன்: "வருவாரு. வந்து என் பக்கத்துல உட்காருவாரு. நீ கண்ணை நல்லாக் கழுவிட்டு வந்து பாரு."

சொல்லிவிட்டேன். சித்திரையில் கல்யாணம். நான் புருஷன் உள்ளவளா இல்லையா என்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்க்கப் போகிறது. இதுவரை எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். வாருங்கள். விலாசம் வழக்கம்போல், தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு அம்மா மனோரஞ்சிதம் எழுதியது.

பெத்தம்மாள்

*

தார்ன்லி, யார்க்ஷயர்
21 அக்டோபர் 1928

அன்புள்ள பெத்தம்மாளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், மற்ற இரண்டு தடவை முடியவில்லை. வருகிறேன். மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம் லிவர்பூலில் கப்பல். ஏப்ரல் பத்துக்குள் சிங்கப்பூர், அங்கிருந்து மறுநாள் மலாக்கா. இடம் சொல்லியாகிவிட்டது. கருப்பாயியிடம் சொல்.

மூன்றரைப் பக்கம் பந்தாட்டம் என்று குத்திக்காட்டுகிறாய். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மலாக்காவில் துரைமார் ஆடுகிறார்களே, பதினைந்து பேர் சேர்ந்து, அதுவேதான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பந்து அதே முட்டைப் பந்து. ஆனால் ஆட்டம் வேறு, ஆட்களும் வேறு. இங்கே ஆடுகிறவர்கள் நிலக்கரி தோண்டுகிறவர்கள், ஆலையில் நெய்கிறவர்கள். முப்பது வருடத்துக்கு முன்னால், "சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வருகிறோம், போன கூலியைக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கூலி வாங்கி ஆடுகிறவன் கனவான் இல்லை என்று பெரிய இடத்துக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இவர்கள் பிரிந்து வந்து தனியாக ஆட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் இவர்களோடு ஒரு தடவை ஆடியவனைத் துரைமார் தங்கள் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. நம் துரை உயிரோடு இருந்தபோது இந்த மைதானத்துப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

டேவிஸ் வேல்ஸ் நாட்டுக்காரன். ஆட்டக் கூலிக்காக வந்தவன். அம்மாவைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. எண்ணெய் போடும்போது அவன் அம்மாவைப் பற்றிப் பேசுவான், நான் உன்னைப் பற்றிப் பேசுவேன். அவன் பாஷை எனக்குப் பாதி புரியாது, என் பாஷை அவனுக்கு முழுக்கப் புரியாது. இங்கே எல்லாரும் என்னைச் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள்.

வருகிற மே மாதம், முதல் தடவையாகக் கோப்பையின் கடைசி ஆட்டம் லண்டனில், வெம்ப்ளி மைதானத்தில். எங்கள் ஆட்கள் அங்கே போவோம் என்று இப்போதே குதிக்கிறார்கள். போகட்டும். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அப்புசாமி

*

புக்கிட் தூங்கல் தோட்டம்
2 டிசம்பர் 1928

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வருவதாக எழுதிய பக்கத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் இப்போது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். கிராணி வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "என்ன பெத்தம்மா, இண்டைக்கு முகமெல்லாம் சிரிப்பு? அவர் வாறாரோ?" என்று கேட்டாள். "வராம எங்க போவாரு?" என்றேன். ஒன்பது வருடமாக எங்கே போனீர்கள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள் ஆட்டக்காரர்கள் கதையை லயத்தில் எல்லாருக்கும் சொன்னேன். உங்கள் தம்பி பெரியதம்பி கேட்டுவிட்டு, "அப்ப வெள்ளைக்காரன்லயும் கூலி இருக்கானா அண்ணி?" என்றான். இருக்கிறானாம், மண்ணுக்குள் இறங்கித் தோண்டுகிறானாம் என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். வேலைக்குக் கூலி கேட்டால் கேவலம், வாங்காமல் ஆடினால் பெரிய மனிதன் என்பது என்ன நியாயம்? வேலை செய்யாமல் சாப்பிடுகிறவன்தான் அப்படிப் பேசுவான். அவர்கள் பிரிந்து போனது சரிதான். அந்த டேவிசை அவன் அம்மாவுக்குக் கடிதம் போடச் சொல்லுங்கள். மூன்று வருடம் அவளுக்கு எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கருப்பாயி வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. பெரியதம்பி வேண்டாம் என்று சொல்லியும் நானே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். தேதி, கப்பல், ஊர் எல்லாம் சொன்னேன். "சரி, வரட்டும்லா" என்றாள். முகத்தில் ஈ ஆடவில்லை. கல்யாணம் சித்திரை மாதம், ஏப்ரல் இருபத்திரண்டு, திங்கட்கிழமை. நீங்கள் வந்து பத்து நாள் ஓய்வாக இருக்கலாம்.

மலாக்கா பாசாரில் உங்களுக்குக் கரை போட்ட வேட்டி வாங்கினேன். கடைக்காரன், "ஆள் உயரமா, குட்டையா?" என்று கேட்டான். சட்டென்று வாயில் வரவில்லை. அப்புறம் கையைத் தூக்கி, என் நெற்றிக்கு மேல் நாலு விரல் காட்டினேன். நீங்கள் கூன் போட்டிருந்தால் நான் பொறுப்பில்லை. சட்டைக்குப் பெரியதம்பி அளவையே கொடுத்தேன்.

உங்களுக்கு வெந்தயக் குழம்பு வைத்தால் இன்னும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவீர்களா, இல்லை அந்த ஊர் ரொட்டியில் நாக்கு செத்துவிட்டதா? மழை விட்டபாடில்லை. ராத்திரி தகரத்தில் விழுகிற சத்தத்தில், பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பேசாமலே இருக்கலாம்.

கல்யாணம் முடிந்து திரும்பிப் போவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

பெத்தம்மாள்

*

தார்ன்லி
11 மார்ச் 1929

பெத்தம்மாளுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் கப்பல் ஏறவில்லை.

எல்லாம் தயாராக இருந்தது. பாக்கியத்துக்குப் பட்டு ரிப்பன், உனக்கு ஒரு கண்ணாடி, எல்லாம் பெட்டியில். லிவர்பூல் ரயில் பதினொரு மணிக்கு. கோப்பையின் மூன்றாவது சுற்று ஆட்டமும் அன்றைக்கேதான், மூன்று மணிக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டு மணிக்கு மைதானம் போனேன், சொல்லிக்கொண்டு கிளம்ப. டேவிஸ் பலகைமேல் உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை பயிற்சியில் மறுபடி தோள் இறங்கியிருக்கிறது. "சாமி, கட்டுப் போட்டுவிட்டுப் போ" என்றான். போட்டேன். கையைத் தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. "நீ ஓரத்தில் நிற்காவிட்டால் நான் இறங்க மாட்டேன்" என்றான். மற்ற பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

ரயில் போகிற சத்தம் மைதானத்துக்குக் கேட்கும். கேட்டது.

நீ என்னைத் திட்டு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன். அங்கே நான் குசினிக்காரன். 'டேய்' என்று கூப்பிட்டால் ஓடுகிறவன். இங்கே மழையில் நிற்கிற ஆயிரக்கணக்கான பேர், நான் வாளியோடு ஓடினால், "சாமி, சாமி" என்று கத்துகிறார்கள். இந்த வயதில் இதை விட்டுவிட்டு வர வேண்டும் என்றபோது கால் நகரவில்லை. உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. இரண்டுக்கும் ஒரே கால்தான் இருந்தது.

அடுத்த கப்பல் ஏப்ரல் ஆறாம் தேதி. மே மாதம் வந்துவிடலாம். கல்யாணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா? கேட்டுப் பார்.

அப்புசாமி

*

புக்கிட் தூங்கல் தோட்டம்
28 ஏப்ரல் 1929

அப்புசாமி அவர்களுக்கு,

பெயரை எழுதியாகிவிட்டது. கிராணி வீட்டு அம்மாதான் இதுவரை உறையில் எழுதுவாள். எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. பரவாயில்லை.

நீங்கள் வர வேண்டிய நாளில் உங்கள் கடிதம் வந்தது. ஆயாக்கொட்டகையில் இருந்தேன். இரண்டு குழந்தைகளைத் தூளியில் ஆட்டிக்கொண்டே படித்தேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாள் தள்ளிவைக்கக் கேட்கவும் இல்லை. குறித்த நாளைத் தள்ளினால் பெண்ணுக்கு என்ன பேர் வரும் என்று ஒன்பது வருடத்தில் உங்களுக்கு மறந்துபோய்விட்டது. நாலாம் நாள் பெரியதம்பியைக் கூப்பிட்டேன். "நீயும் உன் பெண்டாட்டியும் உட்காருங்க" என்றேன். "அண்ணன்?" என்றான். "கப்பல் போச்சு" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

கல்யாணம் குறை இல்லாமல் நடந்தது. அவர்கள் இரண்டு பேரும் தாரை வார்த்தார்கள். நான் பந்தலுக்குப் பின்னால் சோற்று அடுப்புப் பக்கம் வேலாயியோடு நின்றேன். அவள் விதவை, முன்னால் வரக் கூடாது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் கால் அங்கேதான் போனது. கெட்டி மேளம் கேட்டதும் வேலாயி என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு, "அத்தே, நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?" என்றாள்.

அப்புறம் குங்குமத் தட்டு வந்தது. கருப்பாயியே எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தாள். எனக்கு முன்னால் வந்து நீட்டிவிட்டு, நீட்டிய கையை நிறுத்தினாள். கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. குத்திக்காட்ட வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே கையை விட்டு எடுத்தேன். நெற்றி நிறைய வைத்தேன். "உசுரோட இருக்காரு" என்றேன். "சரிங்க சம்பந்தி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள்மேல் இருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அந்தக் கோபத்தை வைக்க வேறு ஆள் கிடைத்துவிட்டது.

உங்களைச் சாமி, சாமி என்று கத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது வயிறு எரிந்தது. மறுநாள் திரும்பப் படித்தேன். இங்கே யார் உங்களை அப்படிக் கூப்பிட்டார்கள்? நானும்கூட இல்லை. அது எனக்குப் புரிகிறது. புரிந்தால் மன்னிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வேட்டியை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். மே மாதக் கப்பல் வேண்டாம். இனி வரச் சொல்லி என் கை எழுதாது. நீங்களாக வந்தால் வீட்டுக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும், வராவிட்டாலும் கதவு அங்கேதான் இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இத்தனை வருடமாக ஓர் ஆட்டம் விடாமல் புள்ளிக் கணக்கு எழுதுகிறீர்கள். யார் கோடு தாண்டினான், யார் உதைத்தான் எல்லாம். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் எழுதவில்லை. நான் நாலு தடவை தேடிப் பார்த்தேன். ஜெயித்தீர்களா?

ஜெயித்திருந்தால் எழுதுங்கள். நாலு பக்கமும் அதையே எழுதினாலும் படிக்கிறேன். தோற்றிருந்தால் எழுதவே வேண்டாம். ஜெயித்ததற்காகத்தான் என்னை விட்டார் என்று நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

பெத்தம்மாள்