கண் திறக்காத சுல்தான்

14.3.88
உப்பளத்தில் வேலை செய்யும் சவரிமுத்து அண்ணன் ஒரு கிளிக்குஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். விழுந்த பனைமரத்துப் பொந்தில் கிடந்ததாம். இறகெல்லாம் முளைத்தாயிற்று, கண் மட்டும் மூடியே இருக்கிறது. "தானா தொறந்துக்கும்மா" என்றார். சுல்தான் என்று பேர் வைத்தேன். அபுதாபியில் இருக்கும் இவருக்கு எழுத ஒரு விஷயம் கிடைத்தது.

16.3.88
திறக்கவில்லை.

19.3.88
இன்றும் இல்லை. பன்னீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். விரலைக் கடித்துவிட்டான். கொழுப்பு!

28.3.88
வானூர் மாட்டாஸ்பத்திரி. அத்தனை மாடுகளுக்கு நடுவே நான் ஒருத்தி, கூடையோடு. டாக்டர் இமையைப் பிரித்துப் பார்த்தார். "முட்டையிலயே கண்ணு வளரலம்மா. மருந்து கெடையாது. வலியும் கெடையாது. கிண்ணத்த மட்டும் எடம் மாத்தாதீங்க, பொழச்சுக்கும்."

பஸ்ஸில் அழுகையாக வந்தது. கண்டக்டர் விசில் அடிக்கும்போதெல்லாம் இவன் கூடைக்குள்ளிருந்து கீச்சென்று பதில் கொடுத்தான். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

2.4.88
மாமிக்குப் பிடிக்கவில்லை. "பொறவிக் குருடு நமக்கு எதுக்கு? எம்மவன் நிஷாத் வரட்டும், தோப்புல விட்டுடச் சொல்றேன்."

தோப்பிலா? காக்கா விட்டுவைக்குமா? மாமியிடம் என்ன பேச முடியும்? கூண்டருகே உட்கார்ந்து, மாமியைப் பற்றி மனசில் இருந்ததையெல்லாம் சுல்தானிடம் கொட்டினேன். இப்போது தினமும் இதுதான் வேலை.

20.6.88
இவரிடமிருந்து கேசட். வழக்கம்போல முதல் வார்த்தை, "ஜெயினம்பு, எப்படி இருக்கே?" வழக்கம்போல நானும் டேப்ரிக்கார்டரிடம், "எப்படி இருப்பேன்? மொதல்ல வந்து சேருங்க!" மாமி தூங்கியதும் நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் சொன்னேன். எனக்குப் பைத்தியம்தான். சுல்தான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

9.8.88
உச்சி வெயிலில் உப்பளம் பக்கம் திரும்பினாலே எங்களுக்கெல்லாம் கண் கூசுகிறது. சுல்தான் துரைக்கு அந்தக் கவலையே இல்லை.

18.12.88
கடிதம். ஜனவரியில் வருகிறார்! மூன்று வருஷம்! சந்தோஷத்தில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். கிளிக்காகக் கெஞ்சி எழுதியிருந்தேனே, அதற்கு ஒரே வரி: "உம்மா சொல்றதும் சரிதான், வந்து பாக்கலாம்."

இவர் வரணும். சுல்தான் போகக்கூடாது. ரெண்டும் வேணும் எனக்கு, ஆமா!

11.1.89
வந்துவிட்டார்!

வாசலில் பெட்டியை இறக்கினார். மாமி, சவரிமுத்து அண்ணன், தெரு சனம் மொத்தமும் நின்றது. நான் கதவோரம்.

"ஜெயினம்பு, எப்படி இருக்கே?"

உள்ளே கூண்டிலிருந்து என் குரல் கேட்டது. "எப்படி இருப்பேன்? மொதல்ல வந்து சேருங்க!"

மானமே போச்சு! முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தெருவே சிரித்தது. இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கூண்டுக்கு ஓடினார்.

12.1.89
தோப்புப் பேச்சையே காணோம். கிண்ணம் அசையாமல் மாமியே கூண்டைத் தூக்கிப்போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். "இன்னும் என்னென்ன கத்துக்கிட்டு இருக்கான்னு கேக்கணும்" என்கிறார்.

யா அல்லா! நான் கொட்டினதெல்லாம்—