ஜென்னியைச் சுற்றிப் போகும் கப்பல்

9 மே 2018, புதன்
கிரெனடா, கப்பலில்

அன்புள்ள ஆஸ்பர்ட் மாமாவுக்கு,

ஏழு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவள் திடீரென்று எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். நீங்கள் போன் எடுப்பதில்லை என்று உங்கள் ஊர் குயாவ் மீன் சந்தையில் சொன்னார்களாம். அதனால் எங்கள் படகோட்டி ஃபெலிக்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் இதில் மீன் சுற்றிக் கொடுத்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் பட்டம் வாங்கிவிட்டேன். நம் வீட்டில் முதல் ஆள். இப்போது இருபத்திரண்டு பயணிகள் ஏறும் ஒரு சின்னக் கப்பலில் வேலை. ஞாயிறு கிளம்பி, கிரெனடாவை ஒரு சுற்றுச் சுற்றி, வெள்ளிக்கிழமை திரும்புவோம். மீனையும் பறவையையும் காட்டிப் பேசுவது என் பொறுப்பு. மைக்கைக் கையில் எடுத்தால் இன்னும் பாதி மறந்துபோகிறது. திங்களன்று உங்கள் ஊருக்கு எதிரேதான் நங்கூரம் போடுகிறோம். மூன்று வாரமாக, நீங்கள் கரையில் வலை உலர்த்துவதை மேல்தட்டிலிருந்து பார்க்கிறேன். இறங்கி வரத் துணிவில்லை.

நேற்று வடக்கு முனையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். கடலடி எரிமலை ஜென்னியிலிருந்து வாயு கிளம்பினால் மேலே படகு மிதக்காது, அதனால்தான் இவ்வளவு விலகிப் போகிறோம் என்று விளக்கினேன். ஒரு வயதான பெண்மணி தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கடலுக்கு உங்க ஆளுங்க யாரையாச்சும் பறிகுடுத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, மாமா. அப்பா படகோடு மூழ்கிப் போனது இங்கேதான், இந்தத் தீவுக்கும் நம் ஊர்த் தீவு கரியாகுவுக்கும் நடுவில் எங்கோ. கூட இருந்தது நீங்கள் மட்டும். மழையில் இடம் தெரியவில்லை என்று அன்று சொன்னீர்கள்.

அம்மா அப்பாவுக்குக் கல்லறைக் கல் செய்து இரண்டு வருடம் ஆகிறது. முன்னறையில் வெள்ளைத் துணி போர்த்திப் படுக்கவைத்திருக்கிறாள். கடலில் போனவருக்கு, போன இடத்தில் ரம்மும் தண்ணீரும் ஊற்றாமல் கல்லை நடக்கூடாதாம். "ஈதலின், டென்சிலை எப்பத்தான் எந்திரிக்க விடப்போற?" என்று அம்மாவை ஊரில் கேட்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க இருந்தேன். இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
கெலிஷா


20 மே 2018
குயாவ்

பெரிய படிப்பாளி கெலிஷாவுக்கு,

மீன் சுற்றவில்லை. மூன்று தரம் படித்தேன். உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. அந்த ஃபெலிக்ஸ் சந்தை நடுவில் நின்று, "ஆஸ்பர்ட்டு, உனக்கு லவ் லெட்டர்!" என்று கத்துகிறான். "ஆமாண்டா, உன் பொண்டாட்டி குடுத்ததுதான்" என்றேன். அதற்கப்புறம்தான் வாயை மூடினான்.

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். எனக்கு இடம் தெரியும். மழை பெய்தது உண்மை. கண்ணை மறைக்கிற மழை இல்லை.

அன்று உன் தாத்தாவுக்குக் கல் நடும் விருந்து. மாவும் ரம்மும் கிடாவும் வாங்க நானும் டென்சிலும் கிரெனடா வந்தோம். கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதைப் பிடிப்பதற்குள் மதியம் தாண்டியது. செத்துப்போன பெரியவர்களுக்குப் பொழுது சாயும் முன்னே சாப்பாட்டுத் தட்டு வைத்தாக வேண்டும், உனக்குத் தெரியாதது இல்லை. காலையில் கிளம்பும்போதே உன் அம்மா, "தட்டு வைக்கறதுக்குள்ள வரலேன்னா ரெண்டு பேரும் கடல்லயே இருந்துக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஜென்னியைச் சுற்றி வந்தால் இருட்டிவிடும். டென்சில் சுக்கானைத் திருப்பினான். "நேராப் போலாம் மச்சான். ஜென்னி விட்டாலும் உங்க அக்கா என்னை விடமாட்டா" என்று சிரித்தான். பாதி வழியில் கடல் பால் மாதிரி வெளுத்தது. படகு கவிழவில்லை. கீழே தண்ணீரே இல்லாதது போல அப்படியே இறங்கியது. காலி பெட்ரோல் டின் ஒன்று மிதந்து என் பக்கம் வந்தது. அவன் பக்கம் வரவில்லை. அவ்வளவுதான்.

இடத்தைச் சொன்னால், அங்கே ஏன் போனீர்கள் என்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். "என் புருஷனை விட்டுட்டு வந்தவனே" என்று அக்கா திட்டினாள். அதை நான் தாங்கிக்கொள்வேன். தான் சொன்ன வார்த்தையை அவள் தாங்கமாட்டாள்.

இதை அவளிடம் காட்டாதே. கிழித்துப் போடு. இனி எழுதவும் வேண்டாம்.

ஆஸ்பர்ட்


27 மே 2018, ஞாயிறு
கப்பலில்

அன்புள்ள மாமா,

எழுத வேண்டாம் என்றீர்கள். மீறுகிறேன். உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அம்மாவிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நேற்று வீட்டில் இருந்தேன். அம்மா கல்மேல் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "குயாவ்ல மாமாவைப் பார்க்கிறேம்மா, கப்பல்லேர்ந்து" என்று மட்டும் சொன்னேன். துணியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"மெலிஞ்சுட்டானா?" என்றாள்.

"தெரியல. ரொம்ப தூரம்."

அம்மா துணியின் மடிப்பை நீவினாள். நீவிய இடத்தையே திரும்பத் திரும்ப நீவினாள். "ஜென்னி வழியாத்தான் வந்திருப்பாங்க. கடல்லயே இருங்கன்னு நாந்தான் சொல்லி அனுப்பினேன். அதை எப்ப ஊருக்குச் சொல்லுவானோன்னு ஏழு வருஷமாப் பார்க்கிறேன். சொல்லமாட்டேங்கறான் பாவி. ஒரு தரம் என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, அவனைத் திட்டறதை அன்னிக்கே விட்டிருப்பேன்" என்றாள்.

நீங்கள் அவளுக்குத் தெரியாமல் காத்தது அவளிடமேதான் இருந்திருக்கிறது, மாமா.

ஜென்னி அருகே கப்பலை நிறுத்த முடியுமா என்று இன்று காலை கேப்டனிடம் கேட்டேன். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி, மூன்றாம் முறைதான் உள்ளே போனேன். தடை எல்லைக்குள் போக முடியாது, விளிம்பில் பத்து நிமிடம் நிறுத்துகிறேன் என்றார். செவ்வாயன்று பயணிகளிடம் என் அப்பா இந்தக் கடலில் போனார் என்று மைக்கில் சொல்லப்போகிறேன். அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். என் கட்டிலில், ரம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கப்பல் ஆட்டம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கச் சொன்னால் கேட்கவில்லை.

முதல் கடிதத்தில் கேட்காததை இப்போது கேட்கிறேன். செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஃபெலிக்ஸ் படகோடு உங்கள் கரையில் நிற்பான். ஏறி வாருங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மேல்தட்டுக் கம்பியோரம் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அந்த இடத்தைக் கையை நீட்டிக் காட்டுங்கள்.

கெலிஷா