இரண்டாம் மாடிச் சுவரில் ஒரு பெட்டி

ஜனவரி 9, வியாழன்
கடைசியில் கையில் கிடைத்துவிட்டது. வீடியோவில் மனப்பாடம் ஆகும்வரை பார்த்த அதே தெர்மோஸ்டாட், அறையின் சூட்டை அளந்து ஹீட்டரையும் ஏசியையும் தானே ஓட்டி நிறுத்தும் பெட்டி. பெட்டியைப் பிரித்து, வெட்கமே இல்லாமல் முகர்ந்துகூடப் பார்த்தேன். முதலாளி கவனித்துவிட்டார். "என்னம்மா, கைக்குழந்தையா அது? இந்தக் கொஞ்சு கொஞ்சறே."

இந்த ஏசி கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து ஏணி பிடிப்பதும் வெளி யூனிட்டைக் கழுவுவதும்தான் என் வேலை. இப்போது ஒரு மாடி முழுக்க என் பொறுப்பு. சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். அதுவும் எந்த மாடி? அக்கா வேலை பார்க்கும் கால் சென்டர். அவள் மேசைக்கு நேர் மேலே காற்று இறங்கும் துளை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் ஐஸ் கட்டி. "என் தங்கச்சி வந்து சரி பண்ணுவா" என்று ஆபீஸ் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 12, ஞாயிறு
ஆபீஸ் லீவு என்பதால் இன்று மாட்டினோம். சிவப்பு வயர் கரண்டுக்கு, வெள்ளை ஹீட்டருக்கு, மஞ்சள் குளிருக்கு, பச்சை ஃபேனுக்கு. ஒரே தடவையில் சரியாக வந்தது. இருபத்தொரு டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டர், இருபத்தைந்தைத் தாண்டினால் ஏசி. நடுவில் இரண்டும் சும்மா இருக்க வேண்டும். அந்த இடைவெளி விடாவிட்டால் மாமியார் மருமகள் மாதிரி மாறி மாறி மல்லுக்கு நிற்கும்.

முடித்து நிமிர்ந்தால், பின்னால் அந்த ஆபீஸ் மேனேஜர்.
"இதை என் ரூமுக்கு மாத்திடுங்க. ஹால்ல வேற ஒரு பெட்டி மாட்டுங்க. வயர் வேண்டாம், நம்பர் மாறினாப் போதும்."

அவர் ரூமில் நாள் முழுக்க வெயில். அங்கே மாட்டினால், சூடாகத்தானே இருக்கிறது என்று ஹீட்டர் ஓடவே ஓடாது. ஹாலில் இருப்பவர்கள் விறைப்பார்கள். முதலாளியைப் பார்த்தேன். "சரி சார்" என்றுவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.
"இதெல்லாம் தொழில்ல சகஜம்மா. சுவத்துல பெட்டி இருந்தாலே பாதிப் புகார் போயிடும். உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா, வேண்டாமா?"

மாட்டினேன். ஹால் பெட்டிக்குள் இரண்டு பேட்டரி, அவ்வளவுதான்; அழுத்தினால் நம்பர் மட்டும் மாறும். என் கையால்தான் மாட்டினேன்.

ஜனவரி 13, திங்கள்
அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். "இருபத்திநாலு வச்சேன்டி. எவ்ளோ இதமா இருக்கு தெரியுமா?"
அவள் விரலைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்.
டம்ளரில் சூடாகக் காபி ஊற்றி அந்த விரல்களுக்குள் வைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்
ஏசி மெக்கானிக்குகள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: வயர் இல்லாத தெர்மோஸ்டாட் யாராவது மாட்டியிருக்கீங்களா? மளமளவென்று சிரிப்புப் பொம்மைகள். அந்த வீடியோக்களைப் போடும், நான் சாமி மாதிரி நினைத்திருந்த ஆள் எழுதுகிறார்: "எத்தனையோ மாட்டியிருக்கேன். ஒரு இடத்துல கேக் வெட்டி நன்றி சொன்னாங்க."
குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டு வீடியோ பார்த்தேன்?

ஜனவரி 22, புதன்
அக்காவுக்கு ஆபீஸில் பட்டப்பெயர் வந்துவிட்டது, 'சூட்டு மகாராணி'. பெட்டியை யாரும் அவளைக் கேட்காமல் தொடக் கூடாதாம். பக்கத்து மேசைக்காரி சண்டை போட்டாளாம்: "நீ ஏத்தி ஏத்தி எனக்கு வேர்க்குது." வயரே இல்லாத பெட்டியால் வேர்க்கிறதாம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? தினமும் போல இன்றும் அவள் வந்ததும் விரலைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ்தான்.

ஜனவரி 30, வியாழன்
அந்த மேனேஜர் இன்னிக்கி எல்லார் முன்னாடியும் அக்காவை நிக்க வச்சுக் கேட்டிருக்கான். "உங்க இஷ்டத்துக்குச் சூட்டை ஏத்தினா கரண்ட் பில்லை யார் கட்டறது?" அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே கேட்டிருக்கான். அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். பேட்டரி, வெயில் ரூம், எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள்.
"அப்ப தினமும் என் விரலைத் தொட்டுப் பாத்தியே. அது எதுக்குடி?"

ஜனவரி 31, வெள்ளி
காலையில் என் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைக் காணோம்.
எடுத்துப் போனது அக்காதான், ஆபீஸ் ஹாலில் எல்லார் முன்னாலும் பெட்டியைக் கழற்றிக் காட்டியிருக்கிறாள். பின்பக்கம் வெறும் சுவர். மேனேஜர் அசரவில்லையாம். "எனக்கே தெரியாதுங்க. கம்பெனிக்காரங்க ஏமாத்திட்டாங்க. மாட்டினது இவங்க தங்கச்சிதானே?"
பக்கத்து மேசைக்காரி, "குடும்பமே சேர்ந்து நாடகம் ஆடினீங்களா?" என்றாளாம்.
இதையெல்லாம் அக்கா அழாமல் சொன்னாள். அழுதிருக்கலாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு
பெயர் கெட்டுவிடும் என்று முதலாளி என்னையே அனுப்பினார், இலவசமாகச் சரி செய்ய. மேனேஜர் ரூமிலிருந்து கழற்றி, ஹாலில் வெயில் படாத சுவருக்கு வயர் இழுத்து மாட்டினேன். டக் என்று ஹீட்டர் எழுந்தது. கேட்க ஏங்கிய சத்தம். ஒன்றுமே தோன்றவில்லை.
"அடுத்த மாசத்துலேருந்து நீ பர்மனென்ட்" என்றார் முதலாளி. தேங்க்ஸ் சார் என்றேன். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்ததோ.

பிப்ரவரி 5, புதன்
அக்கா பேசுகிறாள். சாப்பிட்டியா, கதவைச் சாத்து, அவ்வளவு.

பிப்ரவரி 13, வியாழன்
சரிபார்க்க அந்த ஆபீஸுக்குப் போனேன். ஹாலில் இருபத்துமூன்று, நிஜமான இருபத்துமூன்று. ஆனால் எல்லா நாற்காலியிலும் சால்வை. யாரும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அக்கா ஸ்வெட்டரோடும், விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடும் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நெஜமாவே வேலை செய்யுதுக்கா. வேணும்னா ஏத்திப் பாரேன்."

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது.
"சரிடி" என்றாள். கையுறையைக் கழற்றவில்லை.