உன் பச்சைப் பவளம் ஒட்டிக்கொண்டது, மல்லிகா

போனில் என் குரலை வைத்தே என் தொட்டியில் உப்பு ஏறிவிட்டதா என்று கண்டுபிடிக்கும் தங்கச்சி மல்லிகாவுக்கு,

உன் வீட்டில் ஒரு தப்பு நடந்தது. உன்னைக் கிடத்திய ஐஸ் பெட்டிக்குக் கரண்டு கொடுப்பதற்காக, உன் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார்கள். வருஷக்கணக்கில் நீ வளர்த்த மீனும் பவளமும் அதனால் செத்தன. செய்தது உன் மகன் செந்தில். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ போய்விட்டாய். உன் மகள் பெங்களூரிலிருந்து வர வேண்டும், மறுநாள்தான் எடுப்பது என்று முடிவானது. பெட்டி வந்தது. "பிளக் பாயிண்டு எங்க கீது?" என்று பெட்டிக்காரர் கேட்டார். கூடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. செந்தில் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினான்.

"டேய், அது தொட்டி மோட்டாருக்குப் போறதுடா. கொஞ்சம் இரு, கிச்சன்லேர்ந்து ஒயர் இழுத்துத் தர்றேன்."

"மாமா, அம்மா செத்துக் கெடக்குறாங்க. உங்களுக்கு மீனு கேக்குதா? பேஜாரு பண்ணாம தள்ளுங்க."

"ஜல்தியா முடிச்சிடுவேன்டா."

"ஈரத் தரையில ஒயர் இழுத்து யாருக்கனா ஷாக் அடிச்சா நீங்களா பதில் சொல்வீங்க?"

திண்டிவனத்துக் கிணற்று மோட்டார்களுக்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன் நான். என்னை நம்பி ஒரு ஒயரை விடவில்லை.

மோட்டார் நின்றால் தண்ணீர் அசையாது, அசையாத தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டும். உனக்குத் தெரியும், அங்கே வேறு யாருக்குத் தெரியும்? குளியலறை மக்கை எடுத்து வந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினேன். மொண்டு ஊற்றினேன், மொண்டு ஊற்றினேன். ஒரு பக்கம் உன் பெட்டி, மறுபக்கம் உன் தொட்டி, நடுவில் நான். "பெருசுக்கு இன்னாம்மா ஆச்சு? சாவு வூட்ல தண்ணி மொண்டுக்கினு கீது?" என்று ஒரு பெண் கேட்டாள். கடைசியில் இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் போடத்தான் மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். கோடியின் ஓரம் நனைந்திருந்தது உப்புத் தண்ணீரில். நான் அழுது நனைத்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் நானே போய் ஒயரைச் சொருகினேன். அதற்குள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. பால் தெளிக்க வந்த அன்று பார்த்தால் எல்லாம் கரைந்து நாறிக்கொண்டிருந்தது. உச்சிக் கல்லில் மட்டும், சட்டைப் பொத்தான் மாதிரி திறந்து மூடுமே அந்தப் பச்சைப் பவளம், அதில் விரல் நுனியளவு ஒரு கொத்து மூடிக்கொண்டு உயிரோடு இருந்தது. அதைப் பெயர்த்து, தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்கென்று நீ கேனில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரோடு தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

"இன்னா பெரியவரே, கொழம்பா? பாத்து, புடவையில ஊத்திடப் போறீங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கொழம்பு இல்லம்மா. உசுரு."

அவள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நம் பழைய சண்டை ஞாபகம் இருக்கிறதா? இங்கிலீஷ் புரியாமல், போனில் வீடியோ ஓட்டி, பேசுகிறவர்களின் கையை மட்டும் பார்த்துக் கற்றவர்கள் நாம். நீ பார்த்த கை பவளத்தைக் கல்லில் ஜெல் பசையால் ஒட்டியது. நான் பார்த்த கை இரண்டு களிம்பைப் பிசைந்து புட்டி வைத்தது. "பைப்பு ஓட்டை அடைக்கிற கையிண்ணா உன்னுது, பவளத்துக்கும் அதையே அப்புற" என்பாய். பசை காய்ந்து உடைந்துவிடும் என்று நான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

அதனால் முதலில் என் தொட்டிக் கல்லில் என் முறைப்படி புட்டி மட்டும் வைத்தேன். காலையில் பவளத் துண்டு மணலில் குப்புறக் கிடந்தது. அது புட்டியின் தப்பு இல்லை. நத்தை ஏறி உருட்டிவிட்டது.

மறுபடி ஒட்ட உட்கார்ந்தேன். அந்தப் பவளத்தில் விஷம் உண்டென்று நீ திட்டுவாயே, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். துண்டின் அடியைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து ஜெல் பசை வைத்தேன். அதன்மேல் புட்டி உருண்டை. புட்டிக்கு அடியில் மறுபடி பசை. கல்லில் ஒரு பள்ளம் பார்த்து, அழுத்தித் திருகிப் பிடித்துக்கொண்டேன். பசையும் பிடித்தது, புட்டியும் பள்ளத்தை அடைத்துக்கொண்டது. இதனால் நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. நடுவில் இருப்பது என் புட்டி.

ஒன்று சொல்ல வேண்டும். பிடிக்கும்வரை தண்ணீர் அசையக் கூடாது, மோட்டாரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினேன். வீடு முழுக்க அந்த இரைச்சல் அடங்கியதும் உன் கூடம் ஞாபகம் வந்துவிட்டது. வலது கை தண்ணீருக்குள் துண்டைப் பிடித்திருக்க, உலர்ந்த இடது கையை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஷாக் அடிக்கும் என்று பயந்திருந்தால், செந்திலும் இப்படி யாரையாவது சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம் அல்லவா?

நேற்று காலை துண்டு திறந்தது. எல்லாப் பொத்தானும். உடனே போனை எடுத்து உன் நம்பரைத் தேடினேன். அப்புறம் போனை வைத்துவிட்டு மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்டியாங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். புட்டியா பசையா என்று கேட்க இந்த ஊரில் ஆள் இல்லை. காலையில் நீ கேட்பாயே, "இன்னிக்கு உப்பு எவ்ளோண்ணா?" இன்றைக்குச் சரியாக இருக்கிறது, மல்லிகா. யாரிடம் சொல்ல?

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். உன் தொட்டியைக் காலி செய்து அதில் அடுக்கி வைத்திருக்கும் செருப்புகளைச் செந்தில் எடுக்க வேண்டும். தொட்டியைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவிப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். கூடத்தில் இன்னொரு பிளக் பாயிண்டு நான் வந்து போடுவேன், அவன் ஏணியைப் பிடித்தால் போதும், பேச வேண்டாம். பெட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் நீளமான ஒயர் கொண்டுவர வேண்டும். எந்த வீட்டிலும் எதையும் பிடுங்கும் முன் அது எதற்கு ஓடுகிறது என்று கேட்க வேண்டும். பவளம் இந்தக் கல் முழுக்கப் பரவ வேண்டும். அது அதன் வேலை. உன் முதல் தெவசத்துக்குள் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்து உன் உச்சிக் கல்லில் நானே ஒட்டுவேன், இது சத்தியம். பசை, புட்டி, பசை. அதுவரை நான் இருக்க வேண்டும். அதை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

உனக்கு ஈரக் கோடி போட்ட அண்ணன்,
திண்டிவனம்.