அந்த எல்லாரிலும் நாங்கள் உண்டா

மச்சான்,

இன்று காலை ஒரு கையெழுத்துப் போட வங்கிக்குப் போயிருந்தேன். சுவரில் பெரிய எழுத்தில் ‘நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கி’ என்று இருந்தது. காரைக்காலில் யாரும் அதை நின்று படிப்பதில்லை. எனக்கு மட்டும் நாக்கு வறண்டுபோய், நம் மகள் தண்ணீர் வாங்கி வர வேண்டியதாயிற்று.

சைகோனில் அந்தச் சொல் முதலில் தெருமுனை ஒலிபெருக்கியில்தான் வந்தது. வடக்கு வியட்நாம் படை நகருக்குள் வந்த பிறகு. அவர்கள் பாஷையில் குவோக் ஹூ ஹோவா. நம் ஜவுளிக்கடையின் மேல்மாடியில், ஜன்னலைச் சாத்திவிட்டு உங்களிடம் அர்த்தம் கேட்டேன். நாடு, உடைமை, ஆக்குவது என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னீர்கள். இந்தியாவில் வங்கிகளை அப்படி எடுத்தபோது ஜனங்கள் சந்தோஷப்பட்டார்களாம், நல்ல சொல்தான், பயப்படாதே என்றீர்கள். ஆனால் அதற்கப்புறம் நீங்கள் சரியாகச் சாப்பிடவே இல்லை. பக்கத்துக் கடைச் சீனரை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசவும் நாம் அஞ்சினோம்.

பிறகு நம் கடைக்கும் வந்தார்கள், கையில் சிவப்புப் பட்டை கட்டிய நாலைந்து பேர். தலைமை தாங்கிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. நம்மைப் பெஞ்சில் உட்கார வைத்து, இனி இந்தக் கடை எல்லாருக்கும் சொந்தம், புரிகிறதா என்று கேட்டாள். தலையாட்டிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

நீங்களோ அவர்கள் பாஷையில் மெதுவாகக் கேட்டீர்கள்: “அந்த எல்லாரிலும் நாங்களும் உண்டா, அம்மா?”

ஒருவன் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். உங்களையும் கூட்டிப் போய்விடுவார்கள் என்றே நினைத்தேன்.

“நீங்கள் வெளிநாட்டுக்காரர்கள்,” என்றாள் அந்தப் பெண்.

அவள் பிறப்பதற்கு முன்பே அந்த ஊரில் பிறந்தவர் நீங்கள். சாவியைக் கொடுத்துவிட்டோம். சில மாதங்களில் ஆளுக்கொரு பெட்டியோடு விமானம் ஏறினோம். பூர்வீக ஊரென்று வந்த காரைக்காலிலும் நமக்குச் ‘சைகோன்காரர்’ என்றுதான் பேர் வைத்தார்கள்.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு பிள்ளைகள் அந்தக் கதையை அடிக்கடி சொல்கிறார்கள். வாப்பாவுக்குப் பயமே கிடையாது என்கிறார்கள். பெஞ்சில் உங்களை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நான். உங்கள் முழங்கால் நடுங்கி என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு பயத்தோடும் கேட்டீர்களே மச்சான். என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.