பூனைக்குத் தடவிய கற்றாழை

அன்பு மகள் வஹீபாவுக்கு, புருல்லுஸ் ஏரிக்கரையிலிருந்து உன் வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் எனக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை, குவைத் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ விட்டுப்போன பூனை எப்படி இருக்கிறது என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய், நானும் முட்டிவலியை எழுதியே மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டே மட்டும் படிக்காதே.

உன் பஸ்பூஸா நான்கு குட்டி போட்டாள். எங்கே போட்டாள் என்றால், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கென்று நான் துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை அங்கியின் மேல். ரத்தமும் கோழையுமாக அது கிடந்த கிடப்பை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. நாற்பது வருஷமாக மீன் குடலைப் பிடுங்கினவனுக்கு என்ன அருவருப்பு என்று கேட்பாய், மீன் குடல் வேறு இது வேறு. ஒன்றரை மாதத்தில் குட்டிகளுக்கு ஊசி ஊசியாகப் பல் முளைத்துவிட்டது, ஆனாலும் மடியை விட்டபாடில்லை. காம்பெல்லாம் கடிபட்டுச் சீழ் கட்டி, தாய் தோலும் எலும்புமாகிவிட்டாள், இப்படியே விட்டால் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது. ரொட்டியை எருமைப்பாலில் ஊறவைத்துத் தட்டில் வைத்தேன். அதற்குள் இறங்கி நடந்தன, உட்கார்ந்தன, அதிலேயே பேண்டன, பேண்டதோடு சேர்த்து நக்கின. பிறகு பாய் முழுக்கப் பச்சையாகக் கழிச்சல். சீ, என்ன பிறவிகளோ.

அந்த நாற்றத்துக்குத்தான் பக்கத்து வீட்டு சத்தூத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். "ஏழு புள்ளைக்குப் பால் மறக்கடிச்சவ நான், நீ ஒரு பூனைக்கா இந்த முழி முழிக்கிற? கத்தாழச் சாறை மாருல தடவு, அப்புறம் எந்தப் புள்ளையும் கிட்ட வராதுய்யா" என்றாள். அவள் மகன் மஹ்ரூஸ் தெரியுமல்லவா, நாலு வயசு வரை தெருவில் பந்து விளையாடிவிட்டு வந்து அவள் சட்டையை இழுத்தவன், இப்போது போலீஸில் இருக்கிறான், அவனையே கற்றாழைதான் நிறுத்தியது. ஏன், உன் உம்மா உனக்கும் அதைத்தான் தடவினாள். அதனால் நானும் மஞ்சளாக வடிகிற சாற்றை எடுத்துக் காம்பு காம்பாகத் தடவினேன். பொம்பளை தன் மாரை நக்கமாட்டாள், பூனை நக்கும், இது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. ஒரு சொட்டு விடாமல் நக்கிவிட்டாள் வஹீபா. வாயெல்லாம் நுரை, என் செருப்பில் வாந்தி, அடுப்புக்குப் பின்னால் போய்ச் சுருண்டவள் எழவே இல்லை. குட்டிகள் வாயிலும் நுரை. மூன்றாம் நாள் காலை பார்த்தால் எல்லாவற்றிலும் சிறியது விறைத்துக் கிடந்தது. அதை நாணல் ஓரம் புதைத்தேன். பூனையைக் கண்டு வந்த அருவருப்பெல்லாம் அன்றைக்கு என்மேலேயே திரும்பிவிட்டது.

மற்ற மூன்றையும் பிழைக்கவைக்க வேண்டுமே, அதனால் புல்டி மீனை வேகவைத்து முள் எடுத்து, நானே மென்று உள்ளங்கையில் துப்பிக் கொடுத்தேன். அந்த ஈர மூக்குகள் என் எச்சிலில் மோதும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் தின்றுவிட்டன. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மாதிரி சத்தூத்தா புறாச் சாறு வைத்துக் கொண்டுவந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாம் நாள்தான் பஸ்பூஸா வெளியே வந்து அதைக் குடித்தாள். ஒரு குட்டி மடிக்கு ஓடியது, பளாரென்று முகத்தில் ஒரு அறை வைத்தாள், அவ்வளவுதான், அன்றோடு மூன்றும் பாலை மறந்துவிட்டன. இன்னும் நாலு நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் அவளே பால் மறக்கடித்திருப்பாள்.

பூனை பிழைத்தது, அதில் பொய்யில்லை. எலுமிச்சை போட்டு, மண் போட்டு, சோப்புப் போட்டு எத்தனை தடவை கையைக் கழுவினாலும் அவள் என் விரலை முகர்ந்ததும் பின்வாங்குகிறாள். மீனைத் தரையில் வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போன பிறகுதான் வந்து தின்கிறாள். நானும் போய்விடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நூறு வயசு இருக்க துஆ செய்கிறேன். கடைச்சோறு வாங்கிச் சாப்பிட வேண்டாம். சத்தூத்தாவுக்குக் கடிதம் போட்டால் ஏதும் ஏசிவிடாதே, தடவியது நான்தான்.

இப்படிக்கு
உன் வாப்பா ஷெஹாத்தா